வல்கன் அழிந்ததைப் பொறுத்தவர்கள் கான் திரும்பி வந்ததை ஏன் பொறுக்கவில்லை?

கேள்வி இதுதான்: 2009-இல் ஜே.ஜே. ஏப்ரம்ஸ் இயக்கி, கதையை முதலிலிருந்து மீண்டும் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ ரீபூட் படத்தில் பழைய கதாபாத்திரங்களையும் கதையையும் அவ்வளவு மாற்றினார்களே, அதைப் பழைய ரசிகர்கள் கொண்டாடினார்களா, வெறுத்தார்களா? இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள், எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். 2009-இல் கைதட்டிய அதே ஆட்களில் பலர் 2013-இல் அடுத்த பாகம் வந்தபோது கொதித்துப் போனார்கள். “ரசிகர்களுக்கு மாற்றம் பிடிக்காது, எதைச் செய்தாலும் குறை சொல்வார்கள்” என்று பொதுவாகச் சொல்வதுண்டு. இந்த விஷயத்தில் அது பொருந்தவே இல்லை. 2009 படம்தான் அதிகமாக மாற்றியது, அதை ஏற்றுக்கொண்டார்கள். 2013 படம் பழையதை அப்படியே எடுத்து வைத்தது, அதைத்தான் தள்ளினார்கள். ஏன் இப்படி நடந்தது என்று சொல்ல, கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும். மூன்று படங்களின் முடிவுகளும் கீழே வரும், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டுப் படிக்கலாம்.

எண்டர்பிரைஸ் என்ற விண்கப்பலின் கேப்டன் கிர்க், அவருடைய துணை அதிகாரி ஸ்பாக், மருத்துவர் மெக்காய் ஆகியோரைச் சுற்றி நடக்கும் மூலத் தொடர் 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. மூன்று சீசன், 79 எபிசோடு, 1969-இல் நின்றுவிட்டது. இரண்டாவது சீசனோடேயே நிறுத்தப்படும் என்ற பேச்சு எழுந்தபோது, ரசிகர்கள் 1968-இல் கடிதம் எழுதும் இயக்கம் நடத்தி மூன்றாவது சீசனை வாங்கினார்கள். அதனால் இந்த ரசிகர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே ஓர் உரிமை உணர்வு உண்டு. இது நாங்கள் காப்பாற்றிய கதை என்ற எண்ணம். 1982-இல் வந்த இரண்டாவது படத்தில் ஸ்பாக் இறக்கப்போகிறார் என்ற செய்தி படப்பிடிப்புக்கு முன்பே கசிந்தபோது எழுந்த எதிர்ப்பும் சாதாரணமானதில்லை. அந்தப் படக்குழு அதைச் சமாளித்த விதம் அழகு. படத்தின் முதல் காட்சியிலேயே ஸ்பாக் செத்து விழுகிறார். பிறகு அது வெறும் பயிற்சி என்று தெரிகிறது. கசிந்த செய்தி இதுதான் போலிருக்கிறது என்று பார்வையாளர் ஆசுவாசப்பட்ட பிறகு, கடைசியில் நிஜமாகவே சாகிறார்.

2002-இல் வந்த பத்தாவது படம் வசூலில் படுத்துவிட்டது. 2005-இல் ‘எண்டர்பிரைஸ்’ தொடரும் நின்றது. 1987 முதல் பதினெட்டு ஆண்டுகள் தொலைக்காட்சியில் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்த ஸ்டார் ட்ரெக், முதல் முறையாக இல்லாமல் போனது. அந்த நிலையில்தான் பாரமவுண்ட் நிறுவனம் ஏப்ரம்ஸிடம் கொடுத்தது. அவரோ தான் சிறு வயதில் ஸ்டார் ட்ரெக் ரசிகர் இல்லை, ஸ்டார் வார்ஸ்தான் தன்னை இழுத்தது என்று வெளிப்படையாகச் சொன்னவர். ரசிகர்களுக்குப் பயம் வந்ததில் ஆச்சரியம் என்ன? கிர்க் என்றால் வில்லியம் ஷாட்னர், ஸ்பாக் என்றால் லெனார்ட் நிமாய் என்று நாற்பது ஆண்டுகளாக மனத்தில் பதிந்துவிட்ட முகங்கள். அந்தப் பாத்திரங்களை அதுவரை எந்த ஸ்டார் ட்ரெக் படத்திலும் வேறு நடிகர் படம் முழுக்க ஏற்று நடித்ததில்லை.

2009 ஏப்ரல் 6 அன்று டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் ஒரு தியேட்டரில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். 1982 படத்தைத் திரையிட்டு, கூடவே புதிய படத்திலிருந்து சில நிமிடங்கள் காட்டுவதாகச் சொல்லி ரசிகர்களை வரவழைத்திருந்தார்கள். பழைய படம் ஓடத் தொடங்கிச் சில நிமிடங்களில் ஃபிலிம் உருகியதுபோல் திரை கருகியது. எழுத்தாளர்கள் மேடையேறிச் சமாளித்துக்கொண்டிருந்தபோது நிமாய் கையில் புதுப் படச்சுருளோடு உள்ளே வந்து, புதிய படத்தையே முழுதாகப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். கொட்டகை அதிர்ந்தது. நிமாய் அந்தப் படத்தில் இருக்கிறார் என்பதும், அவரே அதைக் கையில் ஏந்தி வருகிறார் என்பதும் பழைய ரசிகர்களுக்கு ஒரு சாட்சிக் கையெழுத்து மாதிரி. ஷாட்னருக்கு அந்தப் படத்தில் இடமில்லை, அது தனி மனக்குறையாகவே பலரிடம் நின்றது.

சரி, படம் என்ன செய்தது? முதல் பத்து நிமிடத்திலேயே கணக்கைத் தெளிவாக வைத்துவிட்டது. 2233-ஆம் ஆண்டு. எதிர்காலத்திலிருந்து, ரோமுலன் என்ற வேற்றுக்கிரக இனத்தாரின் சுரங்கக் கப்பல் ஒன்று கருந்துளை வழியாக வந்து விழுகிறது. அதன் தலைவன் நீரோ, பூமியும் பல கிரகங்களும் சேர்ந்த கூட்டமைப்பின் கெல்வின் என்ற கப்பலைத் தாக்குகிறான். கெல்வினின் கேப்டன் கொல்லப்பட, பொறுப்பு ஜார்ஜ் கிர்க் என்ற அதிகாரியிடம் வருகிறது. தப்பிக்கும் ஓடங்களில் எல்லோரையும் அனுப்பிவிட்டு, தானியங்கி வேலை செய்யாததால் தானே உட்கார்ந்து கப்பலை எதிரியின் மீது மோதுகிறார். ஓடம் ஒன்றில் அவர் மனைவிக்குப் பிரசவம். பிள்ளைக்கு என்ன பெயர் என்று இருவரும் ஒலித்தொடர்பில் பேசி முடிவு செய்த சற்று நேரத்தில் கப்பல் மோதுகிறது. பன்னிரண்டு நிமிடம் கேப்டனாக இருந்து எண்ணூறு உயிரைக் காப்பாற்றியவர் என்று பின்னால் கேப்டன் பைக் சொல்வார்.

அந்தக் குழந்தைதான் ஜேம்ஸ் கிர்க். பழைய கதையில் அவனுக்கு அப்பா இருந்தார், மகன் எண்டர்பிரைஸின் கேப்டன் ஆனதைப் பார்த்துப் பெருமைப்பட்டார். புதிய கதையில் இல்லை. இந்த ஒரு மாற்றத்திலிருந்துதான் மற்ற எல்லாம் கிளைக்கிறது. நடந்தது பழைய வரலாற்றை அழிக்கவில்லை, பக்கத்தில் இன்னொரு வரலாறு பிறந்திருக்கிறது என்று படத்திலேயே ஸ்பாக்கும் கப்பலின் தொடர்பு அதிகாரி உஹுராவும் பேசி முடிவுக்கு வருகிறார்கள். எழுத்தாளர்கள் ராபர்டோ ஓர்சியும் அலெக்ஸ் கர்ட்ஸ்மேனும் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது. பழைய 79 எபிசோடும், பின்னால் வந்த தொடர்களும், பத்துப் படங்களும் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருக்கும். பின்னாளில் இந்தப் புதிய வரலாற்றுக்கு ‘கெல்வின் காலக்கோடு’ என்றே அதிகாரப்பூர்வமாகப் பெயர் வைத்தார்கள்.

இதிலும் ஒரு வாதம் எழுந்தது, நியாயமான வாதம். மூலத் தொடரில் 1967-இல் வந்த மிகப் புகழ்பெற்ற எபிசோடு ஒன்றில், மெக்காய் கடந்த காலத்துக்குப் போய் வரலாற்றை மாற்றிவிடுவார். அதைச் சரிசெய்ய, தான் நேசிக்கும் பெண் வண்டியில் அடிபட்டுச் சாவதைக் கிர்க் தடுக்காமல் நிற்க வேண்டும். ஸ்டார் ட்ரெக்கில் காலப்பயணம் என்றால் அதுதான் இலக்கணம்: வரலாறு ஒன்றே, கெட்டால் சரிசெய்தே தீர வேண்டும். அப்படியிருக்க, இந்தப் படத்தில் ஸ்பாக்கின் சொந்தக் கிரகமான வல்கனே அழிந்தும் யாரும் ஏன் திரும்பிப் போய்ச் சரிசெய்ய நினைக்கவில்லை என்று கேட்டார்கள். குவாண்டம் இயற்பியலின் பல உலக விளக்கத்தை எழுத்தாளர்கள் நேர்காணல்களில் பதிலாகச் சொன்னார்கள். என் பார்வையில் அந்த விளக்கத்தைவிட, சரிசெய்ய மாட்டோம் என்ற முடிவின் துணிச்சல்தான் முக்கியம். அதைப் பிறகு சொல்கிறேன்.

கதாபாத்திரங்களில் அதிகம் சண்டை நடந்தது கிர்க்கைப் பற்றித்தான். கிறிஸ் பைன் நடித்த கிர்க் மதுக்கடையில் அடிதடி செய்கிறான், பெண்களிடம் வழிகிறான், யாருக்கும் அடங்குவதில்லை. வெளியே இருந்து பார்ப்பவர்கள் “கிர்க் என்றால் இப்படித்தானே” என்றார்கள். பழைய ரசிகர்கள் “இல்லவே இல்லை” என்றார்கள். அவர்கள் சொன்னதில் ஆதாரம் இருக்கிறது. மூலத் தொடரின் ஆரம்ப எபிசோடு ஒன்றில், கிர்க்கின் பழைய நண்பன் அவனுடைய விண்படை அகாடமி நாட்களை நினைவுகூரும்போது, கால் முளைத்த புத்தக அடுக்கு என்று அவனைச் சொல்வான். கிர்க் நடத்திய வகுப்பில் யோசிக்காதவன் மூழ்கிப் போவான் என்று மாணவர்களுக்குள் பேச்சு இருந்ததாம். இன்னொரு எபிசோடில் கிர்க்கே தன் அகாடமிக் காலத்தை நினைத்து, சிரிக்கவே தெரியாத ஆளாக இருந்ததாகச் சொல்வார். ஷாட்னரின் கிர்க் ஒரு படிப்பாளி. முடிவெடுக்கும் முன் ஸ்பாக்கையும் மெக்காயையும் கேட்டு, தனியறையில் உட்கார்ந்து தவிக்கிற ஆள். பிற்காலத்தில் பகடிகள் வழியாகப் பரவிய ‘சட்டை கிழிந்த காதல் மன்னன்’ பிம்பம்தான் புதிய கிர்க்காக வந்தது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அதில் பாதி நியாயம் இருக்கிறது.

மறுபாதியைப் படமே சொல்லிவிடுகிறது. அந்த மனிதன் ஏன் இப்படி ஆனான்? அப்பா இல்லாமல் வளர்ந்ததால். டெல்டா வேகா என்ற பனிக் கிரகத்தின் குகையில், எதிர்காலத்திலிருந்து வந்த முதிய ஸ்பாக்கை இளம் கிர்க் சந்திக்கும் காட்சியைப் பாருங்கள். தன் வாழ்க்கை வேறு விதமாக இருந்திருக்க வேண்டும் என்று கிர்க்குக்குத் தெரியவருகிறது. உடனே அவன் கேட்பது, அந்த வாழ்க்கையில் எனக்கு அப்பாவைத் தெரியுமா என்பதுதான். தெரியும், நீ ஸ்டார்ஃப்ளீட் என்ற விண்படையில் சேர அவர்தான் தூண்டுதல் என்று நீ அடிக்கடி சொல்வாய், நீ கேப்டன் ஆனதை அவர் பார்த்தார் என்கிறார் நிமாய், அந்தக் கரகரத்த குரலில். பைன் அதிகம் பேசுவதில்லை. பழைய ரசிகர்களில் பலர் புதிய கிர்க்கை மன்னித்தது இந்த இடத்தில்தான். பழைய கிர்க் இங்கே மறுக்கப்படவில்லை. அவன் எதை இழந்தால் இப்படி ஆவான் என்று காட்டப்படுகிறது.

ஆனால் அவனைக் கேப்டன் ஆக்கிய விதத்தை யாருமே மன்னிக்கவில்லை, நானும்தான். படத்தின் தொடக்கத்தில் தேர்வில் ஏமாற்றியதற்காக நடவடிக்கைக்கு உள்ளான மாணவன், படம் முடியும்போது கூட்டமைப்பின் முதன்மைக் கப்பலுக்கு நிரந்தரக் கேப்டன். இடையில் லெப்டினன்ட், கமாண்டர் எதுவும் இல்லை. பழைய கிர்க் பல ஆண்டுகள் பல கப்பல்களில் பணியாற்றி மேலே வந்தவர். ‘சில ஆண்டுகள் கழித்து’ என்று ஒரு வரி போட்டிருந்தால் முடிந்திருக்கும். எழுத்தாளர்களின் அவசரம் அப்பட்டமாகத் தெரியும் இடம் இது.

ஸ்பாக் விஷயம் வேறு மாதிரி. சக்கரி குவிண்டோவின் தோற்றமும் குரலும் உடனே ஏற்கப்பட்டன. மனம் ஒப்பாதது, அவன் உணர்ச்சிவசப்படுவதும் உஹுராவைக் காதலிப்பதும். வல்கன் கிரகத்தார் உணர்ச்சியை அடக்கித் தர்க்கத்தைப் பின்பற்றுகிறவர்கள். ஸ்பாக்கின் அம்மா பூமியைச் சேர்ந்தவர், அதனால் அவனுக்குள் எப்போதும் ஒரு போராட்டம். பழைய தொடரில் அந்தப் போராட்டத்தை நிமாய் ஒரு புருவத்தின் அசைவில் காட்டுவார். புதிய ஸ்பாக் கட்டளை மேடையில் எல்லோர் முன்னாலும் கிர்க்கின் கழுத்தை நெரிக்கிறான்.

இது ஸ்பாக்கே இல்லை என்றவர்கள் ஒரு பக்கம். ஆனால் அதற்கு முன்னால் அவனுக்கு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். நீரோவின் தாக்குதலில் வல்கன் கிரகம் உள்ளேயிருந்து சிதைந்துகொண்டிருக்கிறது. ஸ்பாக் தன் பெற்றோரையும் மூத்தோரையும் காப்பாற்ற இறங்கியிருக்கிறான். எல்லோரும் மலை விளிம்பில் நிற்க, ஆட்களைக் கணத்தில் கப்பலுக்கு இடம்பெயர்க்கும் ஒளி சூழத் தொடங்குகிறது. அம்மா அமாண்டா நின்ற பாறை மட்டும் சரிகிறது. அவன் கையை நீட்டுகிறான். அதே கணத்தில் காட்சி கப்பலுக்குள் மாறுகிறது. இடம்பெயர்ப்பு மேடையில் ஸ்பாக் நீட்டிய கையோடு நிற்கிறான், கைக்கு எதிரே யாரும் இல்லை. அழுகை கிடையாது, வசனம் கிடையாது. பிறகு மின்தூக்கியில் உஹுரா அவனை அணைத்துக்கொண்டு உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கும்போது, எல்லோரும் தங்கள் வேலையைச் சிறப்பாகத் தொடர்ந்தால் போதும் என்கிறான். பழைய ஸ்பாக் இதைத்தான் சொல்லியிருப்பார். இந்தக் காட்சிக்குப் பிறகு கழுத்தை நெரிப்பது எனக்கு உறுத்தவில்லை.

பழைய ரசிகர்களின் மனத்தைத் தொட்ட இன்னொன்று ஸ்பாக்கின் அப்பா சாரெக். 1967-இல் வந்த எபிசோடில், பூமிப் பெண்ணை ஏன் மணந்தீர்கள் என்று ஸ்பாக் கேட்க, அப்போது அது தர்க்கப்படி சரியாகப் பட்டது என்பார் சாரெக். ரசிகர்கள் தலைமுறைகளாக ரசித்த பதில் அது. புதிய படத்திலும் சிறுவன் ஸ்பாக்கிடம் கிட்டத்தட்ட அதையே சொல்கிறார். ஆனால் மனைவியை இழந்த பிறகு மகனிடம் வந்து, அவளை நேசித்தேன், அதனால்தான் மணந்தேன் என்கிறார். பழைய பதில் தெரிந்தவர்களுக்கு இது இரண்டு மடங்கு வலிக்கும். தெரியாதவர்களுக்கும் புரியும். பழையதைப் பயன்படுத்துவது என்றால் இப்படிப் பயன்படுத்த வேண்டும்.

உஹுரா காதல் கடைசிவரை ஒரு தரப்பாருக்கு ஒட்டவில்லை. காதலைவிடப் பெரிய பிரச்சினை அதன் பக்கவிளைவு என்று நினைக்கிறேன். கிர்க், ஸ்பாக், மெக்காய் என்ற மூவர் அணிதான் பழைய தொடரின் முதுகெலும்பு. துணிவு, தர்க்கம், இரக்கம் மூன்றும் ஒரு பிரச்சினையைச் சுற்றி உட்கார்ந்து வாதாடும். புதிய படங்களில் மூன்றாவது நாற்காலி உஹுராவுக்குப் போனது. நிஷெல் நிக்கல்ஸ் நடித்த பாத்திரத்துக்கு அந்தக் காலத்தில் கிடைக்காத முழுப்பெயரும் நல்ல வேலையும் ஸோயி சல்டானாவுக்குக் கிடைத்தது மகிழ்ச்சியான விஷயம். ஆனால் மெக்காயாக வந்த கார்ல் அர்பன்தான் அத்தனை பேரிலும் பழைய நடிகரை மிக நெருக்கமாகத் தொட்டவர் என்று ரசிகர்கள் ஒருமனதாகச் சொன்னார்கள். அவருக்குக் காட்சி குறைந்தது உண்மையான இழப்பு.

மற்றவர்களைப் பற்றி அதிகப் பிரச்சினை இல்லை. கப்பலை ஓட்டும் சூலுவாக ஜான் சோ வந்தது பற்றி மட்டும் ஒரு செய்தி. ஜப்பானிய வம்சாவளியினரான ஜார்ஜ் டக்கேய் நடித்த பாத்திரத்தில் கொரியாவில் பிறந்த ஒருவர் நடிக்கலாமா என்ற தயக்கம் இருந்தது. சூலு ஆசியா முழுவதற்கும் உரியவன் என்று டக்கேயே சொல்லி அதைத் தீர்த்துவைத்தார்.

கதை ஓட்டைகளைப் பற்றி நிறையப் பேசினார்கள். கிர்க்கை ஸ்பாக் பனிக் கிரகத்தில் தூக்கிப் போடுகிறான், போட்ட இடத்துக்கு நடக்கும் தூரத்தில் முதிய ஸ்பாக் குகையில் இருக்கிறார், அங்கிருந்து சற்று நடந்தால், பின்னால் கப்பலின் பொறியாளராகப் போகிற ஸ்காட்டி இருக்கிறான். இத்தனை தற்செயல் எந்தக் கதைக்கும் தாங்காது. ஒரு சூப்பர்நோவா முழு விண்மீன் மண்டலத்தையும் அச்சுறுத்துவதாகச் சொல்வதும் அறிவியல் தெரிந்தவர்களை எரிச்சலூட்டியது. வெடித்த நட்சத்திரத்தின் ஒளியே பக்கத்து நட்சத்திரத்தை அடைய ஆண்டுக்கணக்கில் ஆகும். கெல்வினைத் தாக்கிய நீரோ, முதிய ஸ்பாக் வந்துசேரும்வரை இருபத்தைந்து ஆண்டுகள் என்ன செய்துகொண்டிருந்தான் என்ற கேள்விக்குப் படத்தில் பதில் இல்லை. கிளிங்கன் என்ற இன்னொரு வேற்றுக்கிரக இனத்தாரின் சிறையில் அடைபட்டிருந்தான் என்ற காட்சிகளைப் படமாக்கி, பிறகு வெட்டிவிட்டார்கள். அவன் முன்பு எப்படிப்பட்டவன் என்பது 2009 தொடக்கத்தில் வந்த காமிக்ஸில் இருக்கிறது. எரிக் பானாவின் நீரோ பலருக்கு வெறும் கோபக்காரனாகத் தெரிந்ததற்கு இதுதான் காரணம். வில்லனின் பாதிக் கதையைப் படத்துக்கு வெளியே வைத்துவிட்டால் பார்வையாளன் என்ன செய்வான்? கப்பலின் எஞ்சின் அறையை லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியிலுள்ள ஒரு பீர் ஆலையில் படமாக்கியதும், எங்கு பார்த்தாலும் கண்ணைக் கூசவைக்கும் ஒளிக்கீற்றுகளும் கூடத் திட்டு வாங்கின.

இத்தனை ஓட்டை இருந்தும் ஏன் ஏற்றார்கள்? என் பதில்: படம் மாற்றத்துக்கு உரிய விலையைக் கொடுத்தது. வல்கன் போய்விட்டது. அறுநூறு கோடிப் பேர் போய், பத்தாயிரம் பேர் மட்டும் மிஞ்சினார்கள். ஸ்பாக் தன்னை அழிந்துவரும் இனத்தின் உறுப்பினன் என்று குறிப்பேட்டில் பதிவு செய்கிறான். கடைசிக் காட்சியில் காலப்பயணம் செய்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவார்கள் என்று காத்திருந்தவர்கள், சரிசெய்யவே இல்லை என்பதைப் பார்த்து அதிர்ந்தார்கள். ஸ்டார் ட்ரெக்கில் மிகவும் நேசிக்கப்பட்ட கிரகத்தை எடுத்துவிட்டு, அதைத் திரும்பத் தராமலேயே படம் முடிகிறது. அப்போதுதான் இனி இந்தக் கதையில் எதுவும் நடக்கலாம், கிர்க்கோ ஸ்பாக்கோ பிழைப்பார்கள் என்று பழைய எபிசோடுகளை வைத்துச் சொல்ல முடியாது என்ற நம்பிக்கை வந்தது. படம் உலகெங்கும் சுமார் 38.5 கோடி டாலர் வசூலித்தது. சிறந்த ஒப்பனைக்கான ஆஸ்கர் கிடைத்தது, ஸ்டார் ட்ரெக் வரலாற்றில் முதல் ஆஸ்கர் அது.

இப்போது 2013. ‘இன்டு டார்க்னஸ்’. எதுவும் நடக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டவர்கள், அந்தக் கதவு வழியாகப் போகாமல் 1982 படத்துக்கே திரும்பினார்கள்.

வில்லன் பெனடிக்ட் கம்பர்பேட்ச். பெயர் ஜான் ஹாரிசன் என்றார்கள். அந்தப் பழைய படத்தின் வில்லன் கான்தானே இவன் என்று ரசிகர்கள் மாதக்கணக்கில் கேட்டும் படக்குழு மழுப்பியது. படத்தில் அவன் தன் பெயரைச் சொல்லும் இடம் பெரிய திருப்பமாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் கிர்க்குக்கும் ஸ்பாக்குக்கும் எதுவுமே இல்லை. அவர்கள் கானை முன்பின் பார்த்ததில்லை. பழைய படத்தைப் பார்த்தவர்களுக்கு மட்டுமே அது அதிர்ச்சி, அவர்களோ ஏற்கெனவே ஊகித்துவிட்டார்கள். யாருக்காக வைத்த திருப்பம் அது? முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஏப்ரம்ஸே அந்த ஆண்டு இறுதியில் ஒப்புக்கொண்டார்.

கானின் நிறமும் பெயரும் தனிப் பிரச்சினை. முழுப்பெயர் கான் நூனியன் சிங். 1967 எபிசோடில் அவனை முதலில் பார்க்கும் வரலாற்று அதிகாரி, வட இந்தியாவைச் சேர்ந்த சீக்கியராக இருக்கலாம் என்று ஊகிக்கிறார். அதில் நடித்த ரிக்கார்டோ மொண்டல்பான் மெக்சிகோக்காரர், அதுவும் பொருத்தமில்லைதான். ஆனால் 1960-களின் அமெரிக்கத் தொலைக்காட்சியில், உடலிலும் அறிவிலும் மற்றவர்களை விஞ்சிய மனிதன் என்று ஆசியப் பெயர் கொண்ட ஒருவனைக் காட்டியதே பெரிய விஷயம். 2013-இல் அந்த இடத்தில் வெளிறிய ஆங்கிலேயர் ஒருவரை வைத்துவிட்டு, அதற்கான விளக்கத்தைக் காமிக்ஸுக்குத் தள்ளினார்கள். நம் பக்கத்து ரசிகர்களுக்கும், மேற்கிலுள்ள தெற்காசிய ரசிகர்களுக்கும் இது வலித்ததில் வியப்பில்லை. சிங் என்ற பெயரோடு ஒரு பெரிய பாத்திரம் இருந்தும், அதை நடிக்க ஓர் இந்திய நடிகரைத் தேடாமல் விட்டார்களே என்பது எனக்கும் ஆறாத குறை.

ஆனால் எல்லாவற்றையும்விட மோசமாக அடிபட்டது கிர்க்கின் மரணம். 1982-இல் கப்பலைக் காப்பாற்ற ஸ்பாக் கதிர்வீச்சு அறைக்குள் போகிறார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கிர்க், அந்தப் பக்கம் ஸ்பாக், இருவர் கையும் கண்ணாடியில் எதிரெதிரே. 2013-இல் அதையே இடம் மாற்றி எடுத்தார்கள். உள்ளே கிர்க், வெளியே ஸ்பாக், அதே கண்ணாடி, அதே கைகள். முன்பு ஷாட்னர் கானின் பெயரைக் கத்தியதை இப்போது குவிண்டோ கத்துகிறார். பழைய படம் வந்தபோது அந்த இரண்டு பேரின் நட்புக்குப் பார்வையாளர் கணக்கில் பதினாறு வயது. புதியவர்கள் ஒரு படம்தான் சேர்ந்து பழகியிருக்கிறார்கள், அதிலும் பாதி நேரம் சண்டை. பைனும் குவிண்டோவும் நன்றாகவே நடித்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கண்ணீர் அவர்கள் சம்பாதித்ததில்லை, கடன் வாங்கியது. கத்தும் இடத்தில் பல கொட்டகைகளில் சிரிப்புதான் எழுந்தது.

அடுத்ததுதான் பெரிய தப்பு. சற்று நேரத்திலேயே கானின் ரத்தத்தை ஏற்றிக் கிர்க்கைப் பிழைக்க வைத்துவிடுகிறார்கள். பழைய கதையில் ஸ்பாக்கும் திரும்பி வந்தார்தான். ஆனால் அதற்கு இரண்டு ஆண்டு கழித்து இன்னொரு முழுப் படம் தேவைப்பட்டது. அந்தப் படத்தில் நண்பனை மீட்கப் போன கிர்க், பெற்ற மகனைப் பறிகொடுக்கிறார், எண்டர்பிரைஸ் கப்பலைத் தன் கையாலேயே வெடிக்க வைக்கிறார், பதவியையும் பணயம் வைக்கிறார். அவ்வளவு கொடுத்த பிறகுதான் ஸ்பாக் கிடைக்கிறார். 2013-இல் கிர்க்குக்காக யார் எதைக் கொடுத்தார்கள்? ஒரு ஊசி. கூடவே சாவையே குணப்படுத்தும் ரத்தமும், பூமியிலிருந்து கிளிங்கன் கிரகத்துக்கு நேராகத் தாவும் கருவியும் வந்துவிட்டால், இனி விண்கப்பலும் வேண்டாம், மருத்துவரும் வேண்டாம். அந்தப் பிரபஞ்சத்தில் ஆபத்து என்பதற்கே அர்த்தம் இல்லாமல் போகிறது. வல்கனைத் திருப்பித் தராத அதே குழு இப்படிச் செய்ததுதான் ஏமாற்றத்தின் ஆணிவேர்.

2013 ஆகஸ்டில் லாஸ் வேகஸில் நடந்த ரசிகர் மாநாட்டின் ஓர் அமர்வில் எல்லாப் படங்களையும் வரிசைப்படுத்தினார்கள். ‘இன்டு டார்க்னஸ்’ கடைசி இடம். ஸ்டார் ட்ரெக்கைப் பகடி செய்த ‘கேலக்ஸி குவெஸ்ட்’ படத்தைக்கூட அந்தப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள், அதுவும் இதற்கு மேலே. இதை அளவுக்கு மீறி எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓர் அறையில் கூடிய தீவிர ரசிகர்களின் தீர்ப்பு அது, அவ்வளவுதான். விமர்சகர்களில் பெரும்பாலோர் படத்தைப் பாராட்டியே எழுதினார்கள். உலக வசூல் சுமார் 46.7 கோடி டாலர், முதல் படத்தைவிட அதிகம். நீங்கள் கேட்ட முரண்பாடு இங்கேதான் பிறக்கிறது: படம் ஓடியது, ஆனால் அடுத்த படத்துக்காக வாய்ப்பேச்சில் ஆள் சேர்க்க வேண்டியவர்கள் விலகிப் போனார்கள். விமர்சித்த ரசிகர்களோடு ஓர்சி அந்த ஆண்டே எழுத்தில் கடுமையாக மோதி, பிறகு வருத்தம் தெரிவிக்க நேர்ந்ததும் புண்ணைப் பெரிதாக்கியது.

மூன்றாவது படம் ‘பியாண்ட்’, 2016-இல், தொடரின் ஐம்பதாவது ஆண்டில் வந்தது. இயக்கம் ஜஸ்டின் லின், எழுத்து ஸ்காட்டியாக நடித்த சைமன் பெக்கும் டக் யுங்கும். முதல் டிரெய்லர் வெறும் மோட்டார் பைக் சாகசமும் ராக் பாட்டுமாக இருந்ததால் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். படம் வந்தபோது அவர்களுக்கே பிடித்துப் போனது. மெக்காயும் ஸ்பாக்கும் தனியே மாட்டிக்கொண்டு வாதாடும் காட்சிகளில் பழைய வாசனை திரும்ப வந்தது. கிர்க் தன் அப்பா வாழ்ந்த வயதைத் தாண்டிவிட்டதை நினைத்துக் குழம்புவது, முதல் படத்தின் காயத்தை மறக்காமல் எடுத்த நல்ல இழை. நிமாய் 2015 பிப்ரவரியில் மறைந்திருந்தார். படத்திலும் முதிய ஸ்பாக் இறந்த செய்தி வருகிறது. அவர் விட்டுப்போன பொருள்களுக்கிடையே இளம் ஸ்பாக் ஒரு புகைப்படத்தைப் பார்க்கிறான், பழைய குழுவின் ஏழு பேரும் வயதான தோற்றத்தில் சேர்ந்து நிற்கும் படம். பழைய படத்திலிருந்து எடுத்துத்தான் காட்டுகிறார்கள், இதுவும் கடன்தான் என்று சொல்லலாம். ஆனால் இங்கே அது ஒரு நிஜ மரணத்துக்கான அஞ்சலி. ஒருவரும் குறை சொல்லவில்லை.

சூலுவுக்கு ஓர் ஆண் துணைவரும் மகளும் இருப்பதாக அந்தப் படம் காட்டியதில் ஒரு சர்ச்சை வந்தது. டக்கேயைக் கௌரவிக்கத்தான் அப்படிச் செய்தார்கள். ஓரினச் சேர்க்கையாளர் உரிமைக்காகப் போராடுகிற டக்கேயோ வருத்தப்பட்டார். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி யோசித்த பாத்திரத்தை மாற்றாமல், புதிய பாத்திரம் ஒன்றைப் படைத்திருக்கலாம் என்றார். பெக் மரியாதையோடு மறுத்தார். இருவரும் நாகரிகமாகப் பேசிய விவாதம் அது, நான் பெக் பக்கம். ஏற்கெனவே எல்லோரும் நேசிக்கும் ஒருவன் அப்படி இருக்கிறான் என்று சாதாரணமாகக் காட்டுவதில் தனி வலு உண்டு.

நல்ல பெயர் வாங்கியும் ‘பியாண்ட்’ சுமார் 34.3 கோடி டாலரில் நின்றது. அதற்குச் செலவு மட்டும் சுமார் 18.5 கோடி. 2013-இல் விலகியவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை. செகாவாக நடித்த இளைஞர் ஆன்டன் எல்சின் படம் வெளிவரும் முன்பே, 2016 ஜூனில் விபத்தில் இறந்துபோனார். நான்காவது படம் பலமுறை அறிவிக்கப்பட்டும் நகரவில்லை.

நீங்கள் இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால், 2009 படத்தை எந்த முன்தயாரிப்பும் இல்லாமல் நேராகப் பாருங்கள். 2013 படத்துக்குப் போகும் முன் மட்டும், கான் முதலில் வரும் 1967 எபிசோடையும் 1982, 1984 படங்களையும் பார்த்துவிடுங்கள். கண்ணாடிக் காட்சி வரும்போது பழைய ரசிகர்கள் ஏன் அப்படிக் கொதித்தார்கள் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். ஒருவேளை உங்களுக்கு அது பிடித்தும் போகலாம், அப்படிப் பிடித்தவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.